ஆறு ஏக்கர், நாலு யோசனை

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம், என் சித்தப்பா மகனுக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. நாலரை ஏக்கரில் காப்பி, ஊடே மிளகு. மீதி ஒன்றரை ஏக்கர் ஓடையை நோக்கி இறங்கும் சரிவு. ஒரு காலத்தில் அங்கே கமலா ஆரஞ்சும் மலைவாழையும் இருந்தன. ஆரஞ்சு நோயில் போனது. வாழையை முடிக்கொத்து நோய் முடித்துவைத்தது. பதினைந்து வருடமாக உன்னிச்செடிதான் ராஜாங்கம் பண்ணுகிறது. உள்ளே ஆள் நுழைய முடியாது.

மாசியில் ஒரு நாள் போன் வந்தது. "அண்ணே, மர வியாபாரி ஒருத்தர் பழைய நிழல் மரம் அத்தனையும் விலை பேசுறார். வித்துட்டு சில்வர் ஓக் நட்டு மிளகு ஏத்திவிட்டா பத்து வருசத்துல நிமிர்ந்துரலாம்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க குருவி பார்க்கிற ஆளு. எனக்குக் குருவியும் போயிறக் கூடாது, கடனும் அடையணும். என்ன செய்யலாம்?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிப் போனேன். அவன் கடனை நான் அடைக்கப் போவதில்லை. அதனால் 'எல்லாம் குருவிக்கே' என்று சொல்லிவிட்டு மலையிறங்கும் உரிமையும் எனக்கில்லை.

அவன் முன்னால் இருந்தவை நாலு யோசனைகள். பழைய மரத்தை வெட்டி சில்வர் ஓக் நடுவது ஒன்று. பழைய நிழலை அப்படியே வைத்துக்கொண்டு, இடைவெளியை மட்டும் நிரப்புவது இன்னொன்று. இவை இரண்டும் காப்பிக்கு. ஓடைச் சரிவைத் தன்பாட்டுக்கு விட்டுவிட்டால் காடு தானே வந்துவிடும் என்பது மூன்றாவது. நாலாவது, அங்கே காட்டு மரக் கன்றுகளை நட்டு வளர்ப்பது. அவனோ நாலையும் ஒரே தராசில் போட்டுக் குழம்பிக்கொண்டிருந்தான்.

முதலில் சில்வர் ஓக். குருவி பார்க்கிறவர்கள் இந்த மரத்தைத் திட்டித் தீர்ப்பார்கள். நான் அவ்வளவு திட்ட மாட்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நேராக வளரும், சீக்கிரம் பருக்கும், மிளகுக்கொடி ஏற வசதி, முற்றியதும் மரத்துக்கு விலை உண்டு. பங்குனி, சித்திரையில் ஆரஞ்சு நிறத்தில் பூத்துக் குலுங்கும்போது தேன்சிட்டும் மைனாவும் மொய்க்கும். அந்த மூன்று, நாலு வாரம் பார்க்கிற யாரும் 'இதிலென்ன குறை' என்றுதான் கேட்பார்கள்.

மீதி மாதங்களில்தான் குறை தெரியும். தின்னத் தகுந்த பழம் கிடையாது. காய் வெடித்துச் சிறகு முளைத்த விதை காற்றில் போய்விடும்; குக்குறுவானுக்கும் புறாவுக்கும் அதில் ஒன்றுமில்லை. ஒரே வயதில் ஒரே உயரத்தில் நட்ட வரிசை என்பதால் மேல்தட்டு ஒன்று, கீழே காப்பி ஒன்று, நடுவே வெறும் காற்று. பொந்து விழுகிற வயது வருவதற்குள் வெட்டுக்குப் போய்விடும். பக்கத்துத் தோட்டம் முழுக்க சில்வர் ஓக்தான். காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு மணி நேரம் நின்றேன். சின்னான், தேன்சிட்டு, தையல்சிட்டு, தவிட்டுக்குருவி. எல்லாம் நல்ல பறவைகள்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தோட்டத்திலும் இருக்கும்.

இதில் சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதலே இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும். வியாபாரி 'அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்பார்; பிற்பாடு கையெழுத்துக்கு நிற்கப்போவது நிலத்துக்காரன். குடகுப் பக்கம் கதை வேறு மாதிரி. நாட்டு மரத்தை வெட்டுவது கஷ்டம், சில்வர் ஓக்கை வெட்டுவது சுலபம் என்று விதி இருந்ததாலேயே அங்கே விவசாயிகள் நாட்டு மரம் வைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். மரத்தைக் காக்க வந்த விதி மரத்துக்கே வினையானது.

இனிப் பழைய நிழல். இங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

சித்தப்பாவின் தோட்டத்தில் பலா இருக்கிறது, சந்தனவேம்பு இருக்கிறது, நாவல், முள்முருங்கை, ஓரத்தில் ஒரு பெரிய அத்தி, அடையாளம் தெரியாத காட்டு மரங்கள் நாலைந்து. யாரும் திட்டம் போட்டு நட்டதில்லை. தாத்தா காலத்தில் காட்டைக் கழித்துக் காப்பி வைத்தபோது விட்டுவைத்தது பாதி, பறவை போட்டு முளைத்தது பாதி. அதனாலேயே அதில் தட்டுத் தட்டாக நிழல் இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை ஏழரை இருக்கும். முதலில் ஒரு பூனை கத்துகிற சத்தம் மேலேயிருந்து வந்தது; அப்புறம் வல்லூறின் குரல். நிமிர்ந்தால் இரண்டையும் கத்தியது ஒரே பறவை: துடுப்பு வால் கரிச்சான், வாலில் இரண்டு கம்பி, கம்பி நுனியில் துடுப்பு. ஊரிலுள்ள குரலையெல்லாம் இது திருடி வைத்திருக்கும். அது கத்திய சற்று நேரத்தில் சந்தனவேம்பு மரம் உயிர் வந்ததுபோல் ஆனது. உச்சியில் குங்குமப் பூச்சிட்டுகள், கிளைத் தண்டில் தலைகீழாக இறங்கும் நீலக் குருவி ஒன்று, நடுவில் மஞ்சள் ஈப்பிடிப்பான், இலை நுனிகளில் வலசை வந்த கதிர்க்குருவிகள், கீழே காப்பிச் செடிக்குள் சிலம்பன்கள். பத்தே நிமிடம். அப்படியே அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று நகர்ந்து ஓடைப் பக்கம் போய்விட்டது.

இதைக் கலப்பு வேட்டைக் கூட்டம் என்பார்கள். ஒருவர் இலையைக் கலைத்தால் பறக்கிற பூச்சியை இன்னொருவர் பிடிக்கிறார். பல கண்கள் இருப்பதால் வல்லூறு பயமும் குறைவு. இலங்கையில் சிங்கராஜா மழைக்காட்டில் 1981லிருந்து இந்தக் கூட்டங்களைக் கவனித்து வருகிறார்கள். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் போலி செய்தே கூட்டத்தைத் தன்பக்கம் இழுக்கிறது என்பது அங்கே தெரியவந்த விஷயம். இந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு உயரத்தில் மேய்கிறது. நடுத்தட்டை எடுத்துவிட்டால் நடுத்தட்டு ஆட்கள் வர மாட்டார்கள். ஆள் குறையக் குறையக் கூட்டமும் கலைந்துவிடும். சில்வர் ஓக் வரிசையில் நான் பார்த்ததற்கும் இங்கே பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மரத்தின் ஊர்ப்பெயரைவிட அடுக்குதான் இங்கே முக்கியம்.

காப்பிச் செடிக்கடியில் சருகு கிளறிக்கொண்டிருந்தது ஒரு ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் வட, மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. விடிகாலையிலும் சாயங்காலம் ஆறு மணிவாக்கிலும் விசிலடிக்கும். அதற்கு வேண்டியது ஈரச் சருகும் அதிலுள்ள புழுவும். களைக்கொல்லி அடித்த மண்ணில் அதற்கு வேலையில்லை.

கர்நாடகத்துக் காப்பி, பாக்கு, ரப்பர் தோட்டங்களில் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில் மொத்தம் 200க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாயின. மூன்றில் காப்பித் தோட்டம்தான் முன்னால் நின்றது. ஆனால் இதை வைத்துக்கொண்டு 'காப்பித் தோட்டமும் காடும் ஒன்றுதான்' என்று சிலர் பேசுவதை நான் ஒப்ப மாட்டேன். அடர்காட்டின் கீழ்த்தட்டிலேயே வாழ்கிற பறவைகளுக்கு ஆள் நடமாட்டமும் கவாத்தும் உள்ள தோட்டம் போதாது. தீக்காக்கை மாதிரிக் காட்டுப்பறவை தோட்டத்துக்கு வந்தாலும் பக்கத்தில் காடு இருந்தால்தான் வரும். நிழல் காப்பி என்பது காட்டுக்கு ஒரு திண்ணை. திண்ணையில் உட்காரலாம், குடியிருக்க முடியாது.

பணக் கணக்குக்கு வந்தால், பழைய நிழலுக்கும் பேச வாயிருக்கிறது. அராபிகா வகைக் காப்பியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. வெயில் விழுகிற செடியைத்தான் அது தேடி முட்டையிடும். அதனால்தான் அராபிகாவுக்கு நல்ல நிழல் வேண்டும் என்று காப்பி வாரியக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பழைய மரங்களை ஒரே மூச்சில் வெட்டிவிட்டு சில்வர் ஓக் நிழல் கொடுக்கும்வரை காத்திருக்கிற சில வருடங்கள் இருக்கின்றனவே, அந்த வெயிலில் செடி என்ன ஆகும் என்று வியாபாரி கணக்குப் போட்டிருக்க மாட்டார். காய்த் துளைப்பான் இன்னொரு தொல்லை. இந்தியாவில் அது 1990ல் நீலகிரிக் கூடலூரில் முதலில் தென்பட்டது. கோஸ்டா ரிகாவில் காப்பிச் செடிக்கு வலை போட்டுப் பறவைகளை ஒதுக்கி வைத்துப் பார்த்தார்கள். பறவை வந்துபோகிற செடிகளில் இந்தப் பூச்சியின் தாக்குதல் ஏறக்குறைய பாதிதான். அங்கே தின்ற குருவி வேறு, இங்குள்ள குருவி வேறு. அதனால் அந்தப் பாதியை நம் தோட்டத்துக்கு அப்படியே எழுதிவிட முடியாது. ஆனால் பூச்சி ஒன்றுதான்.

மிளகு விஷயத்தில் மட்டும் தம்பி சொன்னது சரி. பலாவில் ஏறிய கொடியில் ஏணி வைத்துப் பறிப்பது சிரமம். சில்வர் ஓக் சுலபம். அதனால் நான் சொன்னது: செத்துப்போன காப்பி வரிசை உள்ள மேல்மூலையில், ஏற்கெனவே மரமில்லாத இடத்தில், சில்வர் ஓக் வை. இருக்கிற மரத்தை எடுத்துவிட்டு வைக்காதே. நிழல் அதிகமானால் ஆள் வைத்துக் கிளையைக் கழி, மரத்தைக் கழிக்காதே.

இந்த இடத்தில் ஒரு சண்டை. தோட்டத்தின் நடுவே முள்முருங்கை ஒன்று பாதி பட்டுப்போய் நிற்கிறது. 'அதையாவது வெட்டலாமில்ல, காப்பி மேல விழுந்துரும்' என்றான். பட்ட கிளையின் அடிப்பக்கம் ஐந்து ரூபாய்க் காசைவிடப் பெரிதாக ஒரு வட்ட ஓட்டை. கீழே புதுச் செதில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓட்டைக்குள்ளிருந்து ஒரு மீசை, அப்புறம் ஒரு பச்சைத் தலை. குக்குறுவான். 'குட்ரூ குட்ரூ' என்று பகலெல்லாம் உயிரை வாங்குகிற அதே ஆள். உயிர் மரத்தில் அதற்கு ஓட்டை போட வராது. பட்ட, மெத்தென்ற கட்டை வேண்டும். அது விட்டுப்போன பொந்தில் பிறகு வேறு குருவிகள் குடியேறும்.

ஆனைமலையில் இருவாட்சிக்கும் இதே பிரச்சினைதான், அளவுதான் பெரிது. பெட்டை இருவாட்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை எச்சத்தால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண்தான் அத்திப்பழமும் மற்றதும் கொண்டுவந்து ஊட்டும். அவ்வளவு பெரிய பறவை உள்ளே உட்கார எவ்வளவு பெரிய பொந்து வேண்டும், அதற்கு எவ்வளவு வயதான மரம் வேண்டும்? இன்றைக்கு நட்டால் அந்தப் பொந்து நம் பேரனுக்குக்கூடக் கிடைக்காது. நாலு யோசனைகளில் திரும்ப எடுக்க முடியாத தப்பு எது என்று கேட்டால் கிழ மரத்தை வெட்டுவதுதான். மற்ற மூன்றிலும் தப்பாகப் போனால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

சரி, ஓடைச் சரிவு. இங்கே நானும் முன்பு தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'சும்மா விடு, காடு தானே வரும்' என்பது கேட்க அழகாக இருக்கிறது. காட்டின் பெரிய மரங்களில் பலவற்றுக்குக் காற்று உதவாது. விதையைப் பழம் தின்கிற யாராவது சுமந்துவர வேண்டும். அப்படிப் பார்த்தால் கேள்வி இப்படி மாறிவிடுகிறது: அந்தச் சரிவுக்கு விதை கொண்டுவரப் போவது யார்?

சின்னான் வரும். அதன் வாய் சிறியது. சின்னப் பழம்தான் விழுங்கும். வட்டக்கண்ணி மாதிரிச் சீக்கிரம் வளரும் மரங்களின் விதையைக் கொண்டுவரும், நல்லது. ஆனால் உன்னிப்பழமும் அதற்குப் பிரியம். அந்த ஒன்றரை ஏக்கரை இப்படி ஆக்கியதில் சின்னானுக்கும் பங்கு உண்டு. கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளை விழுங்கிக் கொண்டுவர இருவாட்சியோ பெரிய காட்டுப்புறாவோ மரநாயோ வேண்டும். அவை சரிவுக்கு வருமா என்பது பக்கத்தில் பெரிய காடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பறவைக்கு நாட்டு மரம், அந்நிய மரம் என்ற பேதமும் கிடையாது. வால்பாறைப் பக்கம் காப்பி நிழலுக்கென்று வந்த ஒரு ஆப்பிரிக்க மரத்தை இருவாட்சிகளே காட்டுக்குள் பரப்பிவிட்டன. மரநாய் தின்று போட்ட கொட்டையால் காப்பிச் செடியே மழைக்காட்டுத் துண்டுகளுக்குள் களையாக ஏறிக்கொண்டிருக்கிறது.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. வால்பாறை மேட்டில் 220 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தேயிலையும் காப்பியும். நடுநடுவே துண்டு துண்டாக மழைக்காடு. அங்கே திவ்யா முதப்பா, டி.ஆர். சங்கர் ராமன் ஆகியோர் மைசூரிலிருந்து இயங்கும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் மூலம் 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து, சிதைந்த துண்டுகளில் உன்னியை அகற்றி, பல இனக் கன்றுகளைக் கலந்து நட்டு வருகிறார்கள். அப்படி நட்ட இடங்களையும், தன்பாட்டுக்கு விட்ட இடங்களையும், கெடாத காட்டையும் பிறகு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மரங்களில் மட்டுமல்ல, பறவைகளிலும் நட்ட இடமே விட்ட இடத்தை முந்தியிருந்தது. மழைக்காட்டுப் பறவைகள் அங்கே அதிகம் திரும்பியிருந்தன. ஆனாலும் கெடாத காட்டுக்கு நிகராகவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு முடிவு: பெரிய காட்டிலிருந்து விலகி இருக்கிற துண்டுகளில்தான் நடுவதால் வரும் பலன் அதிகம். காட்டை ஒட்டிய இடத்தில் சும்மா விட்டாலும் ஓரளவு வந்துவிடுகிறது. தள்ளி இருந்தால் வருவதில்லை, ஏனென்றால் சுமைக்காரர்கள் அவ்வளவு தூரம் வருவதில்லை.

சித்தப்பாவின் சரிவு எங்கே இருக்கிறது? ஓடைக்கு அந்தப் பக்கம் நல்ல சோலை ஒன்று, கூப்பிடு தூரம். மேலே, வழிக்குப் பக்கம், மூன்று புறமும் சில்வர் ஓக் தோட்டம். அதனால் ஒன்றரை ஏக்கருக்கும் ஒரே பதில் சொல்வது தப்பு. ஓடையோரம் அரை ஏக்கரில் உன்னியை எடுத்தால் போதும். நடாதே, காத்திரு. உட்காரப் பட்ட மரம் ஒன்றிரண்டு நிற்கட்டும். பறவை உட்கார்கிற இடத்தில்தான் விதை விழும். மேலே உள்ள ஒரு ஏக்கரில் நட வேண்டும். அதிலும் சின்னான் கொண்டுவரக்கூடியதை நட்டுக் காசை விரயம் பண்ணாமல், அதனால் கொண்டுவர முடியாத பெரிய விதை மரங்களாகப் பார்த்து நட வேண்டும். கூடவே அத்தி, கல்லால மரம். எந்த மாதத்திலும் ஏதாவதொரு அத்தி பழுத்திருக்கும். வேறு பழமில்லாத காலத்தில் குக்குறுவானும் புறாவும் பிழைப்பது அதை வைத்துத்தான்.

செலவுதான் இடிக்கிறது. உன்னியை மேலோட்டமாக வெட்டினால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்த்தண்டை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். முளைக்கிற குட்டிகளை இரண்டு மூன்று வருடம் திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டும். கூலி ஆள் கிடைப்பது எப்படி என்று மலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் காட்டுமாடு. நட்ட கன்றை மேய்வதைவிட மிதித்துப் போடுவது அதிகம். முள்ளை அடைத்துப் பார்க்கலாம், நிச்சயம் கிடையாது. இதையெல்லாம் சொன்னதும் தம்பி முகம் சுருங்கியது. ஒரு ஏக்கரையும் ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? வருடத்துக்குப் பத்து சென்ட், மேலிருந்து கீழாக. உன்னிப் புதருக்குள்ளும் சின்னான் கூடு கட்டியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் அவையும் இடம் மாறிக்கொள்ளும். ஐப்பசி மழை பிடித்ததும் நடு. நம் பக்கத்துக்கு அந்த மழைதான்.

வியாபாரிக்கு என்ன சொல்வது என்று கடைசியாகக் கேட்டான். வீட்டுக்குப் பின்னால் சித்தப்பா வைத்த சில்வர் ஓக் பன்னிரண்டு இருக்கிறது, முற்றிவிட்டது. அனுமதி வாங்கி அதைக் கொடு, வேறெதையும் கொடுக்காதே என்றேன். வட்டி கட்ட ஆகும், அசலுக்கு ஆகாது. அது அவனுக்கும் தெரியும். காப்பி விலை இப்படியே நின்றால் பரவாயில்லை என்கிறான். விலை இறங்கினால் அவன் மனம் மாறாது என்று நான் எழுதித் தர மாட்டேன்.

ஆனியில் மறுபடி பேசினோம். நாவல் உதிர ஆரம்பித்திருந்தது. பொறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், ஐப்பசியில் ஊன்றிவிடலாமா என்று கேட்டான். கூடாது, நாவல், ஜாதிக்காய் மாதிரி விதைகள் காய்ந்தால் செத்துவிடும், பொறுக்கின வாரத்துக்குள் பையில் போட வேண்டும் என்றேன். அன்று சாயங்காலமே போட்டோ அனுப்பினான். கொல்லைப்புறத்தில், பழைய சிமென்ட் சாக்குக்கு மேல், பால் கவரில் மண் நிரப்பி அறுபது பை. குக்குறுவான் குஞ்சு பறந்துவிட்டதா என்று கேட்டேன். "அது பறந்து ரொம்ப நாளாச்சு அண்ணே. இப்ப அந்தப் பொந்துல வேற ஏதோ குருவி பூந்துருக்கு, பேரு தெரியல."